சிரட்டைத் துண்டின் சத்தம்

போரில் கறண்ட் நின்று இரண்டு வருடமாகியும் உரும்பிராயில் பேஸ் கிற்றார் கேட்கக்கூடிய இடம் ஒன்று இருந்ததென்றால் அது எங்கள் வீட்டு அலுமாரிதான். நம்புகிறவர்கள் நம்பலாம்.

அம்மாவின் கடைசித் தம்பி, எங்கள் சின்ன மாமா, முன்னொரு காலத்தில் பாட்டுக் கோஷ்டிகளுக்குப் பேஸ் வாசித்தவர். கறண்ட் இல்லாவிட்டால் அந்த வாத்தியம் தடித்த கம்பி நாலு கட்டிய பலகைதான். தட்டினால் கொசு பறக்கிற அளவுக்குத்தான் சத்தம் வரும். ஆனால் அதன் தலையை அலுமாரியின் பக்கப் பலகையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசித்தால், மற்றப் பக்கம் காதை வைத்திருக்கிறவருக்கு வயிற்றுக்குள் யாரோ நடந்து போவதுபோலக் கேட்கும். இதைக் கண்டுபிடித்தவர் மாமா. மற்றப் பக்கம் காதை வைத்திருந்தவள் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

மாமாவால் சும்மா இருக்க முடியாது. சாப்பிடும்போது சோற்றுக் கோப்பையில் தட்டுவார், சைக்கிளில் போகும்போது ஹாண்டிலில் தட்டுவார். ஒன்றும் அகப்படாவிட்டால் என் தலையில். பெட்டி என்று அவர் சொல்லும் அம்பிளிபயரின் மேல் அம்மா வெங்காயம் போட்ட ஓலைக் கடகத்தை வைத்திருந்தார். அந்தக் கடகத்தைப் பார்க்கும்போதெல்லாம் மாமாவின் முகம் பல்வலிக்காரனுடையதுபோல ஆகிவிடும்.

"அக்கா, ஒரேயொருக்கால் பெட்டியிலை போட்டு அடிச்சாக் காணும். பிறகு செத்தாலும் பரவாயில்லை."

"செத்தா ஆர் காசுக்கு அழுறது? போய்த் தண்ணி இறை" என்பார் அம்மா.

ஞாயிறுதோறும் குருநகரிலிருந்து ஒருவர் சைக்கிள் உழக்கிக்கொண்டு வருவார். அவரும் பேஸ் வாசிப்பவர். அவரை நாங்கள் குருநகர் அண்ணை என்போம். கடற்றொழில் குடும்பம். கடலுக்குப் போகக்கூடாதென்று தடை வந்தபிறகு எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் கூலிக்குக் கொத்திக்கொண்டிருந்தார். வீட்டில் மனைவியும் பிறந்து மூன்று மாதமான குழந்தையும். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டால் தோட்டமும் கிடையாது, கடலும் கிடையாது. இருவரும் சண்டை பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

மாமாவின் கிற்றார் ஜப்பான். அண்ணையுடையது ஜேர்மன், கப்பலில் வேலை செய்த பெரியப்பா கொண்டுவந்தது. எது பழையது, எதன் மரம் பாரம், எதன் கழுத்து வளையவில்லை என்று நூல் பிடித்துப் பார்ப்பார்கள். மாமா தேங்காய்ச் சிரட்டைத் துண்டால் வாசிப்பவர். கம்பி தட்டும் பிக் வாங்க வழியில்லாத காலத்தில் சிரட்டையை உடைத்து, உடைந்த போத்தல் ஓட்டால் சுரண்டி, இலைபோல மெல்லிசாக்கி வைத்திருந்தார். அண்ணை வெறும் விரலால் வாசிப்பார்.

"உம்மடை அடி தச்சன்ரை அடி ஐசே. ஆணி அடிக்கிற மாதிரி" என்பார் அண்ணை.

"நீர் தடவிக்கொண்டிருக்கிறதுக்கு ஆணி அடிக்கிறது நல்லது."

பிறகு பெட்டிச் சண்டை. மாமாவுடையது வால்வுப் பெட்டி.

"வால்வ் எண்டா சூடேற ஏறச் சத்தம் தேன் மாதிரி இறங்கும் காணும்."

"தேன் இறங்க முந்தி கலியாணவீடே முடிஞ்சு பொம்பிளை மாப்பிள்ளை வீட்டை போயிடும்."

தான் முன்பு வைத்திருந்த பெட்டி எப்படிக் கத்தும் என்று அண்ணை வாயால் செய்து காட்டுவார். மாமா கன்னத்தை உப்பி, வால்வு எப்படிப் பேசும் என்று காட்டுவார். இரண்டு வருடமாகப் பெட்டிச் சத்தத்தையே கேட்டிராத இரண்டு பெரிய மனிதர்கள், ஒருவர் முகத்துக்கு மற்றவர் நேரே நின்று தூம், தூம் என்று கத்துவதைக் கேட்டு எங்கள் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய நாளும் உண்டு.

மத்தியானம் ஆனதும் அம்மா கேட்பார். "தம்பி, ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போ."

"இல்லையக்கா. சாப்பிட்டுத்தான் வந்தனான்."

ஒருமுறை அவருடைய சைக்கிள் கரியரில் அம்மா ஒரு பை அரிசியைக் கட்டிவிட்டார். அண்ணை வாசல் படலையடியில் நின்று அதை அவிழ்த்து மதிலில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த இரண்டு ஞாயிறும் வரவில்லை. மாமா இரண்டு ஞாயிறும் படலைக்கும் கிணற்றடிக்குமாக நடந்துகொண்டிருந்தார். அதன்பிறகு அம்மா பை கட்டவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் மாஸ்ரர் வந்தார். ஜெனரேற்றர் வைத்துக்கொண்டு கலியாணவீடுகளுக்குப் போகும் ஒரு கோஷ்டியின் தலைவர் அவர். அவருடைய பேஸ்காரர் கொழும்புக்குப் போய்விட்டார். ஆவணி முழுக்கக் கலியாணங்கள். கூலி அரிசியும் மாவும்தான், ஆனால் ஒரு கலியாணத்துக்குப் போனால் ஒரு குடும்பம் ஒரு கிழமை ஏழு நாளும் சாப்பிடும். ஒருவர்தான் வேண்டும். மாஸ்ரருக்கு இரண்டு பேரையும் தெரியும், இரண்டு பேரின் முகத்தையும் முறிக்கப் பயம்.

"ஞாயிற்றுக்கிழமை வாறன். ரெண்டு பேரும் அடியுங்கோ. பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டு அலுமாரியிலை கேட்டுச் சொல்லட்டும். குழந்தைப்பிள்ளையின்ரை காதுக்கு ஓரவஞ்சனை இல்லை" என்றார்.

ஒரே கிற்றாரில், மாமாவின் ஜப்பானில், இரண்டு பேரும் வாசிப்பதென்று தீர்மானமாயிற்று. மரம் ஒன்றாக இருந்தால்தான் கையின் வித்தியாசம் தெரியுமாம்.

அந்தக் கிழமை முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு ஏறவில்லை. மாமாவுக்கு அதைவிட மோசம். வெங்காயக் கடகத்தை இறக்கினார், பெட்டியைத் துடைத்தார், மறுபடி கடகத்தை ஏற்றினார். சனிக்கிழமை பின்னேரம் கிணற்றுக்கட்டில் இருந்து சிரட்டைத் துண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "கண்ணைக் கட்டினா எது நான் எண்டு உனக்குத் தெரியாதுதானே?" என்று கேட்டார்.

"ஏன் தெரியாது? உங்கடை சிரட்டை 'டிக்' எண்டு கேக்கும். பிறகுதான் 'தும்' வரும். அண்ணைக்கு 'டிக்' வராது" என்றேன்.

மாமாவின் கை நின்றுவிட்டது. "எட, அப்பிடியே?" என்றார். துண்டை வெயிலில் பிடித்துக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழும்பிப் போனார். என் கெட்டித்தனத்தைக் கண்டு வாயடைத்துப் போனார் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை. அண்ணை கிணற்றடியில் நெடுநேரம் கை கழுவினார். மாமா துவாயோடு பக்கத்தில் நின்றார். மாஸ்ரர் கதிரையில். அம்மா குசினி வாசலில் அகப்பையோடு. மாமாவின் சால்வையால் என் கண்ணைக் கட்டினார்கள். அலுமாரியில் காதை வைத்தேன். பலகை குளிர்ந்தது.

முதலாவது ஆள் வாசித்தார். மெதுவாக, உருண்டையாக, ஒரு இடத்திலும் தட்டுப்படாமல் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நல்லாயிருந்தது. அதற்குமுன் அந்த அலுமாரியில் அப்படி நான் கேட்டதில்லை. ஆனால் 'டிக்' இல்லை.

இரண்டாவது ஆள் தொடங்கினார். கொஞ்சம் தடுமாறிய மாதிரி இருந்தது. ஆனால் டிக், தும். டிக், தும். என் நெஞ்சும் அதோடு சேர்ந்து அடித்தது. அவர் முடிக்கவிடாமலே கத்தினேன்.

"ரெண்டாவது! ரெண்டாவதுதான் நல்லம்!"

சால்வையை நானே இழுத்தேன். கிற்றார் குருநகர் அண்ணையின் மடியில் இருந்தது. அவருடைய விரல்களுக்கிடையில் சிரட்டைத் துண்டு. மாமா யன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பாத்தீங்களே மாஸ்ரர்?" என்று சிரித்தார் மாமா. "என்ரை சொந்த மருமோளே சொல்லிப்போட்டாள். இனி நான் என்ன கதைக்கிறது?"

"நான் இதாலை அடிக்கிறேல்லை" என்றார் அண்ணை, நம்பமுடியாமல். கையை விரித்து எனக்குக் காட்டினார். மண்வெட்டி பிடித்து விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. "கம்பியிலை வைக்கேலாமல் கிடந்தது பிள்ளை. மாமாதான் கிணத்தடியிலை வைச்சுத் தந்தவர். அவர் பாவம், வெறும் விரலாலை அடிச்சவர்."

நான் ஓவென்று அழத் தொடங்கினேன். மாஸ்ரர், தோற்றவருக்காக அழுகிறாள், நல்ல மனம் என்றார். மாமாவையே பார்த்துக்கொண்டு நின்ற அம்மா, உள்ளே போய் நாலு கோப்பைகளில் சோறு போட்டுவந்தார். அன்று அண்ணை சாப்பிட்டுத்தான் வந்தேன் என்று சொல்லவில்லை. இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

வால்வுப் பெட்டியையும் மாமாவே அண்ணையின் சைக்கிளில் கட்டி ஏற்றிவிட்டார். "சூடேறக் கொஞ்ச நேரம் விடும். அவசரப்பட்டு அடிச்சுக் கெடுத்துப்போடாதையும்" என்று படலைவரை சொல்லிக்கொண்டே போனார்.

அன்று பின்னேரம் மாமா எதிலும் தட்டவில்லை. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, பெட்டி இருந்த இடத்தில் தரையில் கிடந்த வெங்காயக் கடகத்தைப் பார்த்தபடி இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. முன்னால் போய் நின்றேன்.

"உங்களுக்கு அறிவில்லையே மாமா? நேற்றுத்தானே சொன்னனான், 'டிக்' சத்தத்தை வைச்சுத்தான் கண்டுபிடிப்பன் எண்டு. அதைக் கொண்டுபோய் அண்ணையிட்டைக் குடுத்தா நான் என்ன செய்யிறது?"

மாமா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார், வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைபோல.

"ஓம் பிள்ளை. நீ சொன்னதுதான். மறந்துபோனன்."

"இனி மறக்கக்கூடாது."

"இல்லை, மறக்கமாட்டன்."

அவ்வளவு முக்கியமான விஷயத்தை மறக்கிற ஒருவரோடு எவ்வளவு நேரம்தான் கோபித்துக்கொண்டிருப்பது? வெளியே போய், குசினிக்குப் பின்னால் கிடந்த சிரட்டைகளில் நல்லதாக ஒன்றைத் தெரிந்தெடுத்து, கல்லில் வைத்து உடைத்து, ஒரு துண்டைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தேன்.

மாமாவை அன்று நான் மன்னித்துவிட்டேன்.