கனமில்லாக் கண்ணாடி

இங்கே வந்த புதிதில் நான் காரணமில்லாமல் நடந்துகொண்டே இருந்தேன். ஸ்பெயின் நாட்டின் அல்மெரியா, பொட்டல் பூமி. பட்டறையின் மறுகோடியிலிருந்து மேஸ்திரி பாக்கோ என்னைப் பார்த்து “வாலே” என்பார். நான் வேலையைப் போட்டுவிட்டு அவர் முன்னால் போய் நிற்பேன். அவர் விழிப்பார். அவர்கள் மொழியில் அதற்குச் ‘சரி’ என்று பொருளாம். இராஜபாளையத்துக் காதுக்கு அது கூப்பிடுவதாகவே கேட்டது. பெண்ணென்றால் ‘வாட்டி’ என்றல்லவா கூப்பிட வேண்டும் என்ற குழப்பம் வேறு.

வெயிலைக் கோபுர உச்சியிலுள்ள கொதிகலன்மீது திருப்பி, நீராவியாக்கி, மின்சாரம் எடுப்பதற்கான கண்ணாடிகள் செய்வது எங்கள் வேலை. இரும்புச் சட்டமிட்ட பழைய கண்ணாடியைத் தூக்க நாலு பேர் வேண்டும். நாங்கள் கண்ணாடியிழைத் துணியைப் பிசினில் நனைத்துத் தகடாக்கி, இரண்டு தகடுகளுக்கு நடுவே தேன்கூடு போன்ற அட்டை வைத்து, மேலே மெல்லிய கண்ணாடியை ஒட்டினோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விடுப்பில் ஊருக்குப் போனபோது அதில் ஒரு துண்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனேன். அந்த வாரமே ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ரெங்கராஜ், ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் கணக்கர்.

“பொண்ணு கண்ணாடிக் கடையிலயா வேலை பாக்கா?” என்றார் அவர் அம்மா.

நான் துண்டை எடுத்து வந்து நீட்டினேன். கனமாக இருக்குமென்று மூச்சுப் பிடித்துத் தூக்கிய ரெங்கராஜின் கையில் அது விசுக்கென்று மேலே எழும்பி, மின்விசிறியில் இடிக்கப் பார்த்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

“இம்புட்டு லேசா இருந்தா, காத்துல பறந்துராதா?”

அந்த ஒரு வருடமாக நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கேள்வி அது. “பறக்காமப் பாத்துக்கத்தான் எனக்குச் சம்பளம்” என்றேன்.

“கல்யாணத்துக்குப் பொறவு இங்கனயே வந்துருவேல்ல?” என்றார் அவர் அம்மா.

என் அப்பா தரையைப் பார்த்தார்.

“அவுக வர வேண்டாம்மா. நான் போறேன்” என்றார் ரெங்கராஜ்.

“ஏலே, பொண்டாட்டி பின்னால போறவனை எங்கயாச்சும் பாத்திருக்கியா?”

“இல்லம்மா. இனிமே நீயே பாப்ப.”

வந்துவிட்டார். கணக்கு எழுதிய கை இங்கே பண்ணைக் கொட்டகையில் தக்காளி அடுக்குகிறது. சிமெண்ட் தூசிக்கு இது மேல் என்கிறார். அவர் வந்த வருடமே பெருங்காற்று அடித்தது. பட்டறை வாசலில் நின்று, வெளியே பொட்டலில் நட்டிருந்த எங்கள் கண்ணாடிகளையே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கண்ணாடிகூடப் பெயரவில்லை. ஊரில் மாமியார், “மருமக வெயில் பிடிக்கா, மகன் தக்காளி அடுக்குதான்” என்று பெருமையாகவே சொல்லிக்கொள்கிறாராம்.

ரெங்கராஜ் தனக்கு விடுமுறையென்றால் தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு வருவார். கண்ணாடியின் முதுகுப்புற நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவோம். இராஜபாளையத்தில் மலை மேற்கே. இங்கேயும் மேற்கேதான் பெரிய மலை. பேசி வைத்துக்கொண்டதுபோல இருவரும் அதைப் பார்த்தே உட்காருகிறோம். ஊர் கிழக்கே, எங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.