வராத துணிக்குக் கிழித்த சீட்டு

அந்தத் தெருவில் தையல் கடை வைத்திருந்தவளை எல்லோரும் டோக்கனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பட்டன் தைக்கக் கொடுத்தாலும் எண் போட்ட சீட்டைக் கிழித்து, பாதியைத் துணியில் குத்துவாள், மறுபாதியைக் கையில் திணிப்பாள். "சொந்த நாத்தனாருக்குமாடி சீட்டு?" என்று கேட்டால், "துணி தொலைஞ்சா மட்டும் சொந்தம்னு சும்மா விட்டுடுவீங்களாக்கும்" என்பாள். யார் என்ன சொன்னாலும் சரி, அது நல்ல பிடிவாதம்தான்.

அவளுக்கு ஒரே தம்பி. அம்மா போன பிறகு அவள்தான் வளர்த்தாள். போனில் பணம் கட்டி ஆட ஆரம்பித்தவன் சம்பளத்தை விட்டான், வண்டியை விட்டான். சூதாட்டத்துக்கு வங்கி வழியாகப் பணம் போகக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்ட அன்றுதான் அவளுக்கு மூச்சே வந்தது. இனி அவனே நினைத்தாலும் கட்ட முடியாதே!

பத்து நாள் கழித்து அவன் கடைக்கு வந்தான்.

"ஆட்டத்தையெல்லாம் தலைமுழுகிட்டேங்கா. ஒரு துணிக் கம்பெனில வசூல் வேலை. உன் கடை க்யூஆர் அட்டைக்குப் பணம் வரும். நான் சொல்ற நம்பருக்கு அதைத் தள்ளிவிடு, போதும்."

"கம்பெனிக்குன்னு ஒரு அட்டை கிடையாதாடா?"

"புதுக் கம்பெனிக்கா. இப்பதான் எழுதிப் போட்டிருக்காங்க."

தம்பி திருந்திவிட்டான் என்று கேட்க எத்தனை வருஷம் காத்திருந்தவள்! நம்பிவிட்டாள். பணம் வந்துகொண்டே இருந்தது, ஒவ்வொன்றிலும் 'சட்டை தையல்' என்று குறிப்போடு. காசு வாங்கிவிட்டுச் சீட்டுக் கிழிக்காமல் இருக்க அவள் கைக்குத் தெரியாது. வராத துணிக்கெல்லாம் எண் போட்டுக் கிழித்து பிஸ்கட் டப்பாக்களில் அடைத்து வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துப் புருஷன் லாரியிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். வியாழக்கிழமை ஆபரேஷன். தள்ளிப்போட்டால் கால் கோணலாகக் கூடிவிடும் என்றார் டாக்டர். திங்கட்கிழமை முன்பணம் கட்டப் போனால், அவள் கணக்கு முடக்கப்பட்டிருந்தது.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு வங்கிக்கு ஓடினாள். மேலாளர் அம்மா ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தார்.

"ஒரே மாசத்துல நாலாயிரம் சட்டை. எத்தனை மெஷின் வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுதான் மேடம்."

"எத்தனை ஆளு?"

"நான்தான்."

வரிசையில் நின்ற ஒருவர், "என் ஒத்தச் சட்டைக்கு மூணு வாரம் அலையவிட்டாங்க மேடம்!" என்றார். சிரிப்பு கிளம்பியது.

மேலாளர் சிரிக்கவில்லை. "இது சூதாட்டப் பணம்மா. பெரிய வழியை அடைச்சதும் சின்னக் கடைங்க வழியா வாங்கறாங்க. துணியே வராம நீங்களே சீட்டு எழுதியிருக்கீங்க. தெரிஞ்சு செஞ்சதாத்தான் எடுத்துக்குவாங்க."

"பணம் வந்தா சீட்டுக் கிழிக்கணுமே மேடம்..."

"யார் சொல்லிச் செஞ்சீங்க? பேரை எழுதிக் கொடுங்க. போலீசுக்குப் போகும்."

"எழுதினா வியாழனுக்குள்ள திறந்துடுமா?"

"அதைச் சொல்ல முடியாதும்மா. எழுதலைன்னா திறக்கவே திறக்காது."

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அவன் பேரை எழுதிக் கொடுத்ததும் அவள்தான். எழுதினாள்.

கணக்கு முடங்கியதைக் கேள்விப்பட்டு வங்கி வாசலில் தம்பி வந்து நின்றான். "என்னக்கா கேட்டாங்க?"

"உன் பேரை. கொடுத்துட்டேன்."

அவன் முகம் வெளிறிப்போனது. "உள்ள தள்ளிடுவாங்கக்கா. இதைச் செஞ்சா ஆடக் காசு தர்றோம்னு ஆட்டக் கம்பெனிக்காரங்க சொன்னாங்க, அதான்..."

"தலைமுழுகிட்டேன்னியேடா, பாவி."

அவள் மூக்கைச் சிந்தித் தலைப்பில் துடைத்தாள்.

"ஓடறதுன்னா ஓடு, நான் தடுக்கல. ஆனா உங்க மாமா கால் காத்திட்டிருக்காது. பழைய மெஷின் வாங்கறவர் நாலு மணிக்குக் கடையை மூடிடுவார். அதுக்குள்ள என் மெஷினைக் கொண்டுபோய் வித்தாகணும், வந்து ஒரு பக்கம் பிடி."

முன்பணத்தில் பாதிகூடத் தேறாது என்று இருவருக்கும் தெரியும். கடைக்குப் போனார்கள். அவன் குனிந்து பிடித்தான்.