கார் ஷெட்டில் சொல்லக் கூடாத பெயர்

எங்கள் அப்பா ரே ஷிமான்ஸ்கி, டொலீடோவில் பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்க்கிறவர். ஒஹாயோவில் பிறந்தவர், எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணிக்காகவே உயிரோடு இருப்பவர். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு நாள்கூடப் படித்ததில்லை. எங்கள் தெருவில் யாரும் படித்ததில்லை. அதனால் என்ன, எல்லா வீட்டிலும் அணியின் சிவப்புக் கொடி பறக்கும்.

மாநில எல்லைக்கோடு எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம். அந்தப் பக்கம் மிச்சிகன், அவர்கள் அணியின் நிறம் நீலம். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை இரண்டு பல்கலைக்கழகங்களும் மோதும். அந்த வாரம் முழுவதும், அப்பாவும் நண்பர்களும் மேட்ச் பார்க்கக் கூடுகிற எங்கள் கார் ஷெட்டில் அந்த மாநிலத்தின் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது. 'வடக்கே இருக்கிறது' என்றுதான் சொல்ல வேண்டும். வாய் தவறிச் சொன்னால் கார முள்ளங்கி விழுது ஒரு ஸ்பூன் விழுங்க வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவர் அப்பாதான். பக்கத்து வீட்டு கஸ்ஸின் மகள் வடக்கத்திப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டபோது, கஸ்ஸுக்கு 'நீல மாமனார்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். ஒரு வருடம் அந்தப் பெயர் ஓடியது. கஸ்ஸும் சிரித்தார். வேறு என்ன செய்வார்?

இந்த நிலையில்தான் என் அக்கா மார்லாவுக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. இங்கே இரண்டு வருடக் கல்லூரியில் படித்துக்கொண்டே பேக்கரியில் வேலை செய்தவள். அங்கே மாற்றல் கேட்டு விண்ணப்பிக்கிற வெளிமாநிலப் பிள்ளைகளில் வெகு சிலரைத்தான் எடுப்பார்கள். வெளிமாநிலத்தவளுக்கு அங்கே ஆகிற செலவு எங்களால் நினைத்துப் பார்க்க முடியாதது. உதவித்தொகையும் கிடைத்ததால்தான் அவள் போக முடிந்தது. செய்தியைக் கேட்ட அப்பா, "நல்லதும்மா" என்றார். பிறகு வெளியே போய், அழுக்கே இல்லாத தன் பிக்கப் லாரியைக் கழுவினார்.

ஆகஸ்டில் அவளைக் கொண்டுபோய் விட, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய தன் லாரியை எடுக்காமல் அம்மாவின் காரை எடுத்தார். மார்லா அதைத் தமாஷாக எடுத்துக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை கார் ஷெட்டில் லென்னி அங்கிள், மார்லா எங்கே சேர்ந்தாள் என்று கேட்டார். லென்னி அப்பாவின் பள்ளித் தோழர், கண்ணாடி ஃபாக்டரியில் வேலை. அப்பா அடுப்பில் சாஸேஜைத் திருப்பிப் போட்டபடி, அவள் படிப்பை விட்டுவிட்டாள், கிளீவ்லண்டில் ஒரு கடையில் வேலை செய்கிறாள் என்றார். நான் தட்டுகளோடு அங்கேதான் நின்றேன். எனக்குக் காது சுட்டது. ஊரே கொண்டாட வேண்டிய மகளைப் படிப்பை விட்டவள் என்று சொல்வது அவருக்கு எளிதாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. லென்னி அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். அதை அப்பா வாங்கிக்கொண்டார்.

நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு மார்லா வந்தாள். விடுதியில் எல்லோரும் தன்னை 'ஒஹாயோக்காரி' என்றே கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிச் சிரித்தாள். சனிக்கிழமை காலை அப்பா அவளிடம், "மேட்ச் முடியற வரைக்கும் மாடியிலேயே இரேன்ம்மா. பயலுக கண்டபடி பேசுவானுங்க" என்றார். அவள் அவருக்காகவே நீலமில்லாத ஒரு பழுப்பு ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள். அம்மா வேலைக்குப் போகும்போது மேசையில் வைத்துவிட்டுப் போன ரொட்டியைக் கொடுக்கத்தான் கீழே கார் ஷெட்டுக்கு வந்தாள்.

லென்னி அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வாடா கண்ணு. உனக்காகத்தான் காத்திட்டிருந்தேன். எங்க ஃபாக்டரி ஆஃபீஸ்ல ஒரு இடம் காலியா இருக்கு. மேனேஜர்கிட்ட உன்னைப் பத்திச் சொல்லி வச்சிருக்கேன். கிளீவ்லண்ட்ல போய் எதுக்குக் கஷ்டப்படணும்? விட்ட படிப்பை ராத்திரி காலேஜ்ல முடிச்சுக்கலாம். இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல, என் பையனும் பாதியில விட்டவன்தான்."

மார்லா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அடுப்பைப் பார்த்தார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் மானம் போய்விடும்.

"ரொம்ப நன்றி அங்கிள். யோசிச்சுச் சொல்றேன்" என்று ரொட்டியை வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். அவள் அலமாரியைத் திறந்து மூடும் சத்தம் கீழே கேட்டது. பை கட்டுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. அப்பாவுக்கும் புரிந்திருக்கும்.

மேட்ச் தொடங்கியிருந்தது. யாரோ கத்தினார்கள். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"லென்னி, அவ படிப்பை விடலை. மிச்சிகன்ல படிக்கிறா."

கஸ் பழக்க தோஷத்தில் விழுது ஜாடியை நீட்டிவிட்டார். அப்பா ஒரு ஸ்பூன் விழுங்கினார். கண்ணில் நீர் வழிந்தது.

"மிச்சிகன் அவளுக்கு இடம் கொடுத்துச்சு. எனக்குத்தான் சொல்ல வாய் வரலை." இன்னொரு ஸ்பூனுக்குக் கை நீட்டினார்.

கஸ் ஜாடியை மூடினார். "போதும் ரே."

லென்னிதான் கடைசியில் பேசினார். "மேனேஜர்கிட்ட மூணு தடவை போய் நின்னேன்டா. என் பையன் கதையெல்லாம் சொன்னேன், இவளும் அவனை மாதிரிதான்னு." அவ்வளவுதான். கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நீல மாமனார் போல ஒரு பட்டம் கொடுத்திருந்தால்கூட அப்பா தாங்கியிருப்பார். யாரும் கொடுக்கவில்லை.

மார்லா பையோடு இறங்கி வந்து, தன்னை விடுதியில் கொண்டு விடச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். நடையில் அப்பா நின்றார்.

"சொல்லிட்டேம்மா."

"கேட்டுச்சு. இப்ப சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது?"

"நானே கொண்டு விடறேன்."

அவர் எடுத்தது லாரியை. போட்டிருந்தது சிவப்பு ஜாக்கெட். அந்த மேட்சை அவர் பார்க்காமல் விட்டது அந்த வருடம்தான். நான் பின்னால் உட்கார்ந்தேன். எல்லையைத் தாண்டினோம். மேட்சைக் கேட்கக்கூட ரேடியோவை அவர் தொடவே இல்லை.

மேட்ச் எங்கள் மாநிலத்தில் நடந்ததால், விடுதிக் கூடத்தில் நீலச் சட்டைகள் தொலைக்காட்சி முன்னால் நிறைந்திருந்தன. அப்பா பையை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தார். ஒரு பையன் ஜாக்கெட்டைப் பார்த்து, "யாரு இது, எதிரி உள்ள வந்துட்டாரு?" என்றான். கூடம் முழுவதும் திரும்பியது.

மார்லா அப்பாவின் கையைப் பிடிக்கவில்லை. சிரிக்கவும் இல்லை.

"எங்க அப்பா. டொலீடோல பஸ் மெக்கானிக்" என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

உட்காரச் சொல்லி யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அப்பா தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். தலை நிமிரவே இல்லை. திரும்பி வரும்போது, எல்லைக்கு முன்பே லாரியை ஓரமாக நிறுத்தி, ரோடு கலங்கித் தெரிகிறது என்று என்னை ஓட்டச் சொன்னார்.