இரைச்சல் கேட்கும் தூரம்

புதுக்குடியிருப்பில் என் சைக்கிள் கடைக்கு வரும்போதெல்லாம், அந்தப் பெரியவர் முதலில் சைக்கிளைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் கதைப்பார். மலைச்சரிவில் பாய்ந்து இறங்குவதற்கென்று செய்த சைக்கிள் அது. கனடாவில் இருக்கும் மகன் அனுப்பியது. மண்வெட்டிப் பிடிபோல மெலிந்த மனிதர், மேடே இல்லாத ஊரில் அந்தப் பாரத்தை மிதித்துத் திரிந்தார்.

"பெரிய சில்லு பூட்டித் தாரும் தம்பி. ஒரு மிதிக்குக் கூடத் தூரம் போகுமெல்லோ?"

"எங்கை ஐயா இவ்வளவு அவசரம்?"

"கடல் பாக்க. வீட்டில மனுசி படுத்த படுக்கை. பக்கத்து வீட்டு அக்கா பின்னேரத்தில ஒரு மணித்தியாலம் வந்து இருப்பா. அதுக்குள்ள வீட்டை வரவேணும்; கடலைக் காண முதலே திரும்ப வேண்டிக் கிடக்கு."

கடையில் இருந்த ஆகப் பெரிய சக்கரம் பிரேமில் இறுகிச் சுற்றவேயில்லை. அதைவிட ஓர் அளவு சின்னதைப் பூட்டி அனுப்பினேன்.

மறு கிழமை வந்தார். சைக்கிளை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

"கடல் பாத்தாச்சோ ஐயா?"

"இரைச்சல் கேட்டுது. அதோட திரும்பீட்டன். இன்னும் கொஞ்சம் பெரிசு போடேலாதோ?"

நுழையாது என்று தெரிந்தும், ரயருக்கும் பிரேமுக்கும் இடையில் என் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன். வழக்கமாக வீட்டுப் பக்கத்து ரோட்டையே பார்த்து நிற்பவர், அன்று என் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.