மச்சான் இல்லாத முத்துக்குளிப்பு

தூத்துக்குடித் துறைமுகத்தில் காத்திருக்கிறேன். யுத்த காலம், கொழும்புக் கப்பல் எப்போது வருமென்று யாருக்கும் தெரியவில்லை. நான் கண்டுபிடித்த 'முத்துக்குளிப்பு' என்ற கட்ட ஆட்டத்தை அங்கே அச்சுப் போடத்தான் போகிறேன். தாய ஆட்டத்தைக் கண்டுபிடித்தவன் பெயர் யாருக்கும் தெரியாது. அந்த ஒரு விஷயத்தில் நான் அவனுக்குச் சமம். என் ஆட்டத்தை என்னோடு ஆட இதுவரை ஆள் கிடைத்ததில்லை.

பக்கத்தில் வந்து உட்கார்ந்த சூசை, சங்கு குளிக்கிறவர். நான் விரித்து வைத்திருக்கும் ஆட்ட அட்டையை உற்றுப் பார்க்கிறார்.

"ஆளு தனியா முங்குதானே, கயித்த யாரு பிடிக்கா?"

"யாராவது பிடிக்கட்டுமே."

"மச்சான்தான் பிடிக்கணும் அண்ணாச்சி. கயித்த விட்டா அவன் தங்கச்சி தாலி போயிரும்லா, அதனால விடமாட்டான். ஒமக்கு மச்சான் இருக்காரா?"

"பெண்டாட்டியே இல்லையே."

சூசை சிரித்தபடி என் பொட்டலத்துச் சணலை அவிழ்த்து, காயில் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொள்கிறார்.

"இப்ப முங்கும் மச்சான். சுண்டுனா தூக்குதேன்."

சோழியை உருட்டுகிறேன். காய் கடலடிக் கட்டத்துக்குப் போய்ச் சேர்கிறது. அதற்குள் அவரைத் தோணியிலிருந்து கூப்பிடுகிறார்கள். சூசை சணலைப் போட்டுவிட்டு ஓடுகிறார்.

வெயில் சாய்ந்துவிட்டது. காயை நானே எடுத்துவிடலாம்தான். ஆனால் புது விதிப்படி மச்சான்தான் தூக்க வேண்டும். சணலை மெல்லச் சுண்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.