பஞ்சுவின் கெட்டுப்போன மைக்

அவளுக்கு எதைக் கண்டுதான் பயம் இல்லை? லிப்ட் என்றால் பயம், நாய் என்றால் பயம். போன் அடித்தால் பயம், அடிக்காமல் கிடந்தால் அதைவிடப் பயம். கண்ணாடிக் கடையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். ஒருநாள்கூட முன்பக்கம் வந்து ஒரு வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்ததில்லை. பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் மெஷினுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்து, ஓரத்தின் கூர் போக மழுக்கி, அழுத்திப் பொருத்திவிடுவாள். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது என்று கடையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் பூனை.

இந்தப் பூனையை நம்பித்தான் ஞாயிற்றுக்கிழமை மதியம் இருபது பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொன்னால் கடையில் வாய்விட்டுச் சிரிப்பார்கள். ஆன்லைன் கேம் ஒன்றில் அவள் ஹீலர். அங்கே அவள் பெயர் பஞ்சு. மற்றவர்கள் கத்தியும் வில்லுமாகப் பூதத்தின் மேல் பாய, இவள் பின்னால் நின்றுகொண்டு யாருடைய உயிர்க்கோடு குறைகிறதோ அவர்களுக்கு மந்திரம் போட்டு நிரப்புவாள். எல்லோருக்கும் முன்னால் கேடயத்தைப் பிடித்து முதல் அடியை வாங்குகிறவன் பெயர் காட்டெருமை. அவன் அவளுடைய சொந்த அண்ணன். பஞ்சு யார் என்பது அவனுக்குத் தெரியாது.

அண்ணன் அவளோடு பேசி நான்கு வருடம் ஆகிறது. அப்பா வீட்டில் சரிந்து விழுந்த அன்று அவள் மட்டும்தான் கூட இருந்தாள். அண்ணன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அப்பா நினைவில்லாமல் தரையில் கிடந்தார். இவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். போன் உள்ளறையில் சார்ஜரில் தொங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் வைத்தே அண்ணன் சொல்லிவிட்டான்: "உன் பயம்தான் அப்பாவைக் கொன்னுச்சு. இனிமே என் முகத்துல முழிக்காதே." அவள் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. அதன் பிறகும் யாரிடமும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எந்த கேம் ஆடினாலும் அண்ணன் வைத்துக்கொள்ளும் பெயர் காட்டெருமைதான். அதை வைத்துத் தேடிக் கண்டுபிடித்து, ஆட்டம் கற்றுக்கொண்டு, எட்டு மாதத்துக்கு முன்னால் அவன் ஆடும் படையில் சேர்ந்தாள். மைக் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லி எல்லாவற்றையும் டைப் அடித்தே சமாளித்தாள். ஹெட்செட்டில் அண்ணன் கத்துவான், சிரிப்பான், அவன் வழக்கப்படி இரண்டு தடவை தொண்டையைச் செருமுவான். வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம் போதும் அவளுக்கு. சிரித்தால் சிரியுங்கள், நான் சிரிக்க மாட்டேன்.

ஒரு புதன்கிழமை கேமை நடத்தும் கம்பெனி, விதிகளை மாற்றி அப்டேட் விட்டது. மூன்று மாதம் நடக்கும் போட்டி சீசனில் சரியாகப் பாதி முடிந்திருந்தது. ஹீலர்களின் கை ஓங்கிவிட்டதாம், அதனால் சமநிலைக்காகச் சில திருத்தங்களாம். இதுவரை மந்திரம் போட்டதும் உயிர் ஏறும், எங்கே ஓடிக்கொண்டிருந்தாலும் ஏறும். இனி மூன்று விநாடி கழித்துத்தான் ஏறும். அதுவும் ஹீலர் தரையில் போடும் வட்டத்துக்குள் வந்து நின்றால்தான் ஏறும்.

படையின் அரட்டைப் பக்கம் பற்றி எரிந்தது. பாதிப் பரீட்சையில் கேள்வித்தாளைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைக் கொடுத்தால் எவனுக்குத்தான் ரத்தம் கொதிக்காது? ஒரு வில்லாளி கம்பெனிக்காரர்களின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டினான். "ஆறு வாரம் தூக்கமில்லாம சேர்த்தது எல்லாம் குப்பையா? சீசன் முடியட்டும்னு பொறுக்க முடியாதா இவங்களுக்கு?" என்று இன்னொரு ஹீலர் எழுதிவிட்டு, அன்றைக்கே ஆட்டத்தை விட்டுப் போய்விட்டான். மிச்சம் இருந்த ஹீலர் பஞ்சு மட்டும்.

படைத்தலைவரை எல்லோரும் ஹெட்மாஸ்டர் என்பார்கள், அவ்வளவு கண்டிப்பு. அவர் நீட்டி முழக்கவில்லை. "வட்டம் எங்கேன்னு ஹீலர் முன்கூட்டியே வாயால சொல்லணும். டைப் அடிச்சுப் படிக்கிறதுக்குள்ள செத்துடுவோம். பஞ்சு, ஞாயித்துக்கிழமைக்குள்ள மைக் வாங்கு. இல்லைன்னா வேற ஆளைப் பார்க்கறோம். தப்பா நினைக்காதே."

அதை அவள் மூன்று தடவை படித்தாள். பேசினால் அவள் குரலை அண்ணன் அடையாளம் கண்டுகொள்வான், கண்டுகொண்டால் போய்விடுவான். பேசாவிட்டால் இவளை அனுப்பிவிடுவார்கள். இரண்டில் எது நடந்தாலும் அந்தச் செருமலை இனி கேட்க முடியாது. வியாழக்கிழமை இடது கண் லென்ஸை வலது பக்கம் பொருத்திக் கொடுத்துவிட்டாள். பதினோரு வருடத்தில் முதல் தப்பு. "என்ன பூனை, பேயைப் பார்த்த மாதிரி இருக்கே?" என்று கேட்ட முதலாளிக்குத் தலைவலி என்று சொன்னாள். வெள்ளி, சனி இரண்டு நாளும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குரலை மாற்றிப் பேசிப் பார்த்தாள். தடித்த குரல், மூக்கால் பேசும் குரல், கீச்சுக் குரல். எதில் பேசினாலும் அவள் குரலாகவேதான் இருந்தது.

ஞாயிறு இரண்டு மணி. கெட்டே போகாத மைக்கைத் திறந்தாள்.

"வலது. தூண். வாங்க." மூன்று சொல், மூக்காலேயே சொன்னாள். "ஓ, பஞ்சுவுக்கு வாய் இருக்கு!" என்று வில்லாளி சிரித்தான். அண்ணன் கேடயத்தோடு தூண் பக்கம் ஓடினான். கால் மணி நேரம் ஒற்றைச் சொற்களிலேயே ஓட்டினாள்.

கடைசிப் பூதம் உலக்கையை ஓங்கியபோது அண்ணன் வட்டத்துக்கு வெளியே இருந்தான். அவன் உயிர்க்கோடு சிவந்து நூலாகிவிட்டது. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. அப்பா தரையில் கிடந்தது கண்ணுக்குள் வந்து நின்றது. திரும்பவும் என் கண் முன்னாலேயா என்று நினைத்தாள். அப்புறம் தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

"அண்ணே! பின்னாடி வா! என்கிட்ட வாண்ணே!"

மூக்கும் இல்லை, வேஷமும் இல்லை. காட்டெருமை ஒரே தாவலில் வட்டத்துக்குள் வந்து விழுந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. உயிர்க்கோடு ஏறியது. ஆனால் அண்ணன் அப்புறம் கையை அசைக்கவே இல்லை. மற்றவர்கள்தான் பூதத்தை முடித்தார்கள். எல்லோரும் கூச்சல் போட்டுக் கொண்டாடிவிட்டு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கடைசியில் ஹெட்மாஸ்டரும் போனார். இரண்டு பெயர் மட்டும் மிச்சம் இருந்தன.

"அன்னைக்கு இந்தக் குரல் எங்க போச்சு?" என்று அண்ணன் கேட்டான்.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஓடிவிடலாம் என்று விரலைப் பொத்தான் வரைக்கும் கொண்டுபோனாள். அழுத்தவில்லை.

"போன் எடுக்கத்தான் எழுந்தேன் அண்ணே. அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டார். போகாதேன்னார்."

"அப்பா பேசினாரா?" அவன் குரல் இறங்கிப்போயிருந்தது. "நினைவே இல்லாமத்தானே கிடந்தார்?"

"நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் நினைவு போச்சு. அதுவரைக்கும் பேசினார். உன்னைத்தான் கேட்டார். அவன் வந்துட்டானா, அவன் வந்துட்டானான்னு. நான் வாசலைப் பார்த்துப் பார்த்து இதோ வந்துட்டான், இதோ வந்துட்டான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

அந்தப் பக்கம் அண்ணன் இரண்டு தடவை தொண்டையைச் செருமினான்.

"இதை ஏன்டி இத்தனை வருஷமா என்கிட்ட சொல்லல?"

"நீ தாங்க மாட்டேன்னு பயமா இருந்துச்சு அண்ணே."