சாம்பியனுக்காக வைத்த நேர்த்தி

காற்பந்து என்று பெயர் வைத்துவிட்டு அதைக் கையால் விளையாடுகிறவர்கள் அமெரிக்கர்கள். இதை நான் ஓர் அமெரிக்கனுக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். அவன் கோபிக்கவில்லை. வாய் நிறையப் புட்டை வைத்துக்கொண்டு யாரால்தான் கோபிக்க முடியும்?

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. இத்தாலியில், பலெர்மோ நகரில், லிபெர்த்தா வீதிப் பக்கம், சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு இத்தாலிய அம்மாவின் வீட்டில் நான் சமையலும் துப்புரவும் செய்துகொண்டிருந்தேன். என் கணவர் அதே தெருவில் மாடிக் கட்டடங்களின் படிகளைக் கழுவினார். சிஞ்ஞோராவின் மகன் பகலில் வங்கியில் வேலை பார்ப்பார். மாலையானால் அவருக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். ஊர்ப் பையன்களைச் சேர்த்து அமெரிக்கக் காற்பந்து அணி ஒன்று நடத்தினார். அப்படியான அணிகள் விளையாட்டுத் தெரிந்த ஒருவனை அமெரிக்காவிலிருந்தே அழைப்பித்து வைத்துக்கொள்வது வழக்கம். அழைப்பித்தவனை எங்கே படுக்கவிடுவது? சிஞ்ஞோராவின் பின்னறை சும்மா கிடந்தது. பங்குனியில் ஒருநாள் காலை அந்த அறையைக் கூட்டப் போனேன். கட்டிலுக்கு வெளியே ஒரு முழத்துக்குக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவனில் நான் முதலில் பார்த்தது அந்தக் கால்களைத்தான்.

அவன் குவாட்டர்பேக். அது என்னவென்று எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். கல்யாணவீட்டில் ஒரு பெரியப்பா முன்னுக்கு நிற்பார். நீ வாழையைக் கட்டு, நீ பந்தியைப் பார் என்று எல்லோரையும் ஏவுவார். அவர் ஏவிக்கொண்டிருக்கும்போதே நாலு தடியர்கள் அவரை விழுத்த ஓடிவந்தால் எப்படியிருக்கும்? அதுதான் குவாட்டர்பேக். விழுவதற்குள் பந்தை யாருக்காவது எறிந்துவிட வேண்டும். அந்தப் பந்தும் பந்து மாதிரி இருக்காது, பப்பாப்பழம் மாதிரி இருக்கும்.

அவனுடைய கதை முழுவதையும் சமையலறை மேசையில் வைத்துத்தான் கேட்டேன். அவன் பேசியது பாதி ஆங்கிலம், பாதி உடைந்த இத்தாலியன். என் காதில் அது எங்கள் தமிழாகத்தான் விழுந்தது, ஆகவே இங்கும் அப்படியே எழுதுகிறேன். அவன் பிறந்தது சோளக்காட்டு ஊர். மருந்துக்கும் ஒரு மேடு கிடையாதாம். தகப்பன் உழவு இயந்திரம் திருத்துகிறவர். வீட்டு மரத்தில் ஒரு பழைய டயரைக் கட்டித் தொங்கவிட்டு, மகன் அதன் ஓட்டைக்குள் பந்தை எறிந்து முடித்த பிறகுதான் இரவுச் சாப்பாடு என்று சட்டம் போட்டவர். பள்ளிக்கூடத்தில் அவன் பெயர் எடுத்தான். பல்கலைக்கழகத்தில் அவன் நடத்திய அணி முழு நாட்டுக்கும் சாம்பியன் ஆனது. அதற்கு ஒரு மோதிரம் கொடுத்திருந்தார்கள். எங்கள் ஊரில் மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு பெரிய மோதிரம் போடமாட்டார்கள். சாப்பிடுவதற்கு முன் அதைக் கழற்றி என் உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் வைப்பான்.

அதற்குப் பிறகு இறங்குமுகம். சம்பளத்துக்கு ஆடும் பெரிய அணி ஒன்று அவனை எடுத்தது. எடுத்ததே தவிர ஆடவிடவில்லை. தொப்பி போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றான். பிறகு போகச் சொன்னார்கள். இன்னொரு அணி, அங்கேயும் அதே தொப்பி. கடைசியில் பலெர்மோவில் என் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான். நான் அவனைத் தம்பி என்றேன். என்னை அக்கா என்று கூப்பிடப் பழக்கினேன். அதை மட்டும் அவன் சுத்தமாகச் சொல்வான்.

ஞாயிறு ஆட்டம் என்றால் திங்கள் மத்தியானம் தகப்பனின் தொலைபேசி வரும். தொலைபேசி நடைக்குள் இருந்தது, எடுக்கிறது நான். அந்த மனிதர் வணக்கம் சொல்லமாட்டார், நீ யார் என்று கேட்கமாட்டார். "கை எப்படி?" என்பார். முதல்முறை நான் பயந்துபோய் என் கையைப் பார்த்தேன். பிறகு பழகிவிட்டது. "கை நல்லாயிருக்கு, ஐயா" என்று சொல்லிவிட்டு மகனைக் கூப்பிடுவேன். மகனும் அதையேதான் சொல்வான். தகப்பனும் மகனும் ஒரு கையைப் பற்றி இவ்வளவு நேரம் கதைக்கலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அணி வென்றுகொண்டே போனது. இறுதி ஆட்டம் பலெர்மோவில் என்று முடிவானது. அதைப் பார்க்க ஜெர்மனியிலிருந்து ஒருவர் வரப்போவதாகத் தகப்பன்தான் சொன்னார். அங்கே சம்பளத்துக்கு ஆடும் அணியின் ஆள் அவர். அவருக்குப் பிடித்தால் அங்கே எடுப்பார்கள். அங்கே ஆடினால் அமெரிக்காவின் கண்ணில் மறுபடி படலாம். எத்தனையோ பேரைப் பிடித்துத் தகப்பன் செய்த ஏற்பாடு அது.

"இதுதான் கடைசி, அக்கா. இதிலையும் எடுக்காட்டில் நான் வீட்டை போய் அப்பாவுக்கு என்னத்தைச் சொல்லுறது?" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் புட்டு கோப்பையில் மிஞ்சியது. அவன் கோப்பையில் எதுவும் மிஞ்சி நான் பார்த்ததேயில்லை.

அரையிறுதியில் எதிரணித் தடியன் ஒருவன் அவனுடைய வலது தோளில் வந்து விழுந்தான். மறுநாள் அவனால் தேநீர்க் கோப்பையைத் தூக்க முடியவில்லை. தொலைபேசி அடித்தது. இடக்கையால் வாங்கிப் பிடித்துக்கொண்டு, "கை நல்லாயிருக்கு, அப்பா" என்றான். கழுவிக்கொண்டிருந்த சட்டியை அப்படியே வைத்துவிட்டு, ஈரக்கையைக் கூப்பி, பெல்லெக்ரீனோ மலை இருக்கிற திசையைப் பார்த்து நேர்ந்தேன்.

அந்த மலைக் குகையில் இருப்பவள் பலெர்மோவின் காவல் புனிதை. நாங்கள் சைவம்தான். அதற்காக, பக்கத்தில் இருக்கிற ஒரு தாயைக் கும்பிடாமல் இருக்க முடியுமா? பலெர்மோவில் இருக்கிற இலங்கைத் தமிழர்கள் நாங்கள், கிறிஸ்தவ வேதக்காரரும் சைவக்காரரும் ஒன்றாக, ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுங்காலோடு அவளிடம் ஏறுவோம். மலையம்மா என்போம். கற்பூரம் மட்டும் கொளுத்தக்கூடாது, பாதிரியார் ஓடிவருவார்.

என் நேர்த்தி இதுதான்: தாயே, இவன்ரை தோளைச் சுகமாக்கி இவனை ஆடவிடு, இவனை வெறுங்காலோடு உன்ரை மலைக்கு ஏத்துறன்.

"நேர்ந்தது நீர், ஏறுறது அவனோ?" என்று கேட்டுச் சிரித்தார் என் கணவர். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? எங்கள் வழக்கமே அதுதான். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நேருவது தாய், மொட்டை விழுவது பிள்ளைக்கு. எனக்கு அம்மா நேர்ந்தபோது என் தலையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அழ அழ மழித்துச் சந்தனம் பூசிவிட்டார்கள். அமெரிக்கன் என்றால் மட்டும் தனிச் சட்டமா?

தோள் சுகமானது. மருத்துவர், தான் கொடுத்த பயிற்சியால் என்றார். சிஞ்ஞோரா, தான் காய்ச்சிக் கொடுத்த சூப்பால் என்றார். ஆனால் யாருக்குக் கடன் தீர்க்கவேண்டும் என்று எனக்குத் தெரியும்தானே.

இறுதி ஆட்டத்துக்கு நானும் கணவரும் போனோம். ஒரு மூச்சு ஓடுவார்கள், பிறகு வட்டமாய் நின்று குனிந்து கூட்டம் வைப்பார்கள். மறுபடி ஒரு மூச்சு, மறுபடி கூட்டம். "கோயில் நிர்வாகசபை கூட இவ்வளவு கூட்டம் வைக்காது" என்றார் கணவர். ஆனால் அவன் எறிந்தபோது நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டோம். சமையலறையில் கதவில் தலையை இடித்துக்கொள்கிற அந்த நெட்டையன் இல்லை அவன். நாலு பேர் மேலே பாய்கிறார்கள், அவன் அவசரப்படவேயில்லை. பந்து எங்கோ போய், ஓடிக்கொண்டிருந்த ஒரு பலெர்மோப் பையனின் கையில் இறங்கியது. வென்றுவிட்டார்கள். அத்தனை பேரும் அவன் மேல் விழுந்தார்கள். நான் கத்திய கத்தில் பக்கத்தில் இருந்த வேறொரு சிஞ்ஞோரா திரும்பிப் பார்த்தாள்.

ஜெர்மனியிலிருந்து வந்தவர் இறங்கிவந்து அவனுக்குக் கைகொடுத்தார். கொஞ்ச நேரம் பேசினார். பிறகு அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டலைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. வேலைக்கு எடுக்கிறவர்கள் அப்படித் தட்டமாட்டார்கள். நல்ல கைதான், ஆனால் அவர்களிடம் இதைவிட இளம் கைகள் இருக்கின்றனவாம். சிஞ்ஞோராவின் மகன்தான் பிறகு சொன்னார்.

சாம்பியன் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டான். திங்கட்கிழமை தொலைபேசி அடித்தது. "கை எப்படி?" "கை நல்லாயிருக்கு, ஐயா." அவனைக் கூப்பிட்டேன், வரவில்லை. பிறகு எடுக்கச் சொல்லுங்கள் என்று தகப்பன் வைத்துவிட்டார். அடுத்த நாளும் அடித்தது, அடுத்த நாளும். இவன் வெளியே வரவில்லை. மூன்றாம் முறை நான் போய்க் கதவைத் தட்டினேன்.

"தம்பி, ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகவேணும். வெறுங்காலோடை."

"ஏன்?"

"உமக்கு நேர்ந்தனான்."

"என்னைக் கேட்காமலோ?"

"நேர்த்திக்கு ஆர் கேட்கிறது?"

"அவங்கள் என்னை எடுக்கேல்லை, அக்கா."

"நான் தோளுக்குத்தானே நேர்ந்தனான். தோள் சுகம். அவ தன்ரை பங்கைச் செய்திட்டா."

அவன் கதவைத் திறந்தான். தாடி வளர்ந்திருந்தது. "அப்ப அதையும் சேர்த்துக் கேட்டிருக்கலாமே?" என்றான்.

நான் ஏன் கேட்கவில்லை? அன்றைக்குக் கண்ணில் பட்டது அந்தத் தோள்தான். அவன் பட்ட நோவைப் பொறுக்காமல் கேட்டேன், அவ்வளவுதான். நான் நின்ற நிலையைப் பார்த்து அவனுக்கே பாவமாய்ப் போய்விட்டது. "சரி, வாறன்" என்றான்.

வெயில் ஏறுமுன் அடிவாரத்தில் கூடினோம். பழைய கல் பாவிய பாதை, ஏற ஏற முடிவே வராது. முதல் வளைவு வரை சாம்பியன் எல்லோருக்கும் முன்னால் போனான். இரண்டாம் வளைவில் என்னோடு வந்தான். அதற்குப் பிறகு அவனைக் காண நாங்கள் திரும்பிப் பார்க்கவேண்டியிருந்தது. இவ்வளவு காலமும் சப்பாத்துக்குள் வளர்ந்த பாதம், வெண்ணெய் மாதிரி. மன்னார்ப் பக்கத்து அக்கா ஒருவர், முழங்கால் வாதக்காரி, செபமாலை உருட்டியபடி அவனைக் கடந்துபோனார். சேலையைத் தூக்கிச் செருகிய பெண்கள் முந்தினார்கள். ஒருத்தி தோடம்பழச் சுளை கொடுத்துவிட்டு முந்தினாள். "நாடு முழுக்கச் சாம்பியனாம்" என்று என் கணவர் அவர்களுக்கெல்லாம் சலிக்காமல் அறிமுகம் செய்துவைத்தார்.

பாதி வழியில் அவன் மதில்கட்டில் உட்கார்ந்துவிட்டான். குதிக்காலில் கல் வெட்டி இரத்தம் கசிந்தது. நான் சேலைத் தலைப்பை நனைத்துத் துடைத்துவிட்டேன்.

"கால் நோகுதோ, தம்பி?"

அவன் சிரித்தான். பிறகு பார்த்தால் கண் கலங்கியிருந்தது.

"சின்னனிலை இருந்து எல்லாரும் என்ரை கையைத்தான் கேட்டவை, அக்கா. அப்பா, கோச், டொக்டர், எல்லாரும். என்ரை காலைக் கேட்டது நீங்கள்தான்."

எனக்கு அழுகை வந்தது. அவனுக்காக மட்டுமல்ல, அவன் தகப்பனுக்காகவும்தான். கேட்கத் தெரியாத மனிதர், பாவம். ஆனால் அழுதால் கணவர் இரண்டு பேரையும் வைத்து ஒரு மாதத்துக்குக் கேலி செய்வார். "எழும்பும், வெயில் ஏறுது" என்றேன்.

ஏறி முடித்தான். குகைக்குள் சொட்டும் தண்ணீருக்குக் கீழே நெடுநேரம் நின்றான். என்ன கேட்டான் என்று நான் கேட்கவில்லை. அவனுடைய சப்பாத்தை நான் பையில் சுமந்துகொண்டு வந்திருந்தேன். வீங்கிய கால் அதற்குள் போகவில்லை. அதே பையில் இருந்த என் கணவரின் ரப்பர்ச் செருப்பில் விரல்களை மட்டும் நுழைத்துக்கொண்டு சாம்பியன் பஸ்ஸில் மலையிறங்கினான்.

மறுநாள் மத்தியானம் அவனை நடைக்குள் கதிரையில் இருத்தி, மஞ்சளும் உப்பும் போட்ட சுடுதண்ணீருக்குள் காலை வைக்கச் சொன்னேன். தொலைபேசிக்குப் பக்கத்தில்தான் இருத்தினேன். அடித்தது. அவன் தலையை ஆட்டி மறுத்தான். நான் எடுத்தேன்.

"கை எப்படி?"

"கை நல்லாயிருக்கு, ஐயா" என்றேன். "கால்தான் நோகுதாம்."

கம்பி அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, அதுவரை நான் கேட்டிராத ஒரு குரலில், "அவன்ரை காலுக்கு என்ன?" என்று கேட்டார்.

அவனிடம் நீட்டினேன். வலக்கையால் வாங்கினான். "ஓம் அப்பா, கால்" என்று தொடங்கினான். மலையைச் சொன்னான், என்னைச் சொன்னான், செபமாலை அக்காவைச் சொன்னான். பிறகு, "அவங்கள் என்னை எடுக்கேல்லை, அப்பா" என்றான். நான் சமையலறைக்குள் போய்விட்டேன். தண்ணீர் மாற்ற வந்தபோதும் கதைத்துக்கொண்டுதான் இருந்தான். மூக்கு சிவந்திருந்தது, வாய் சிரித்தது.

அடுத்த மாதம் அவன் ஊருக்குப் போனான். மோதிரத்தை உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் மறந்துவிட்டான். என் கணவர் மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலே வரைக்கும் ஓடிப்போய், விமானநிலைய பஸ்ஸை மறித்துக் கொடுத்தார். தான்தான் உண்மையான சாம்பியன் என்று இன்றைக்கும் சொல்லித் திரிகிறார்.

ஆனால் அதற்கு முன் வந்த ஒரு திங்கட்கிழமையைச் சொல்லாமல் விடக்கூடாது. மலையேறி ஒரு கிழமை ஆகியிருந்தது. ஆட்டமெல்லாம் முடிந்துவிட்டது, இனி விசாரிக்க ஒன்றுமில்லை, தொலைபேசி வராது என்றுதான் நினைத்திருந்தேன். மத்தியானம் அடித்தது. கையில் மாவோடு ஓடிப்போய் எடுத்தேன். அப்போதும் அந்த மனிதர் வணக்கம் சொல்லவில்லை.

"கால் எப்படி?" என்றார்.